கிணற்று வாசல் நெல்லும் சிங்க் சல்பேற்றும்: முருங்கன் களியில் ஒரு சிறுபோகம்

இந்தச் சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீர் வந்து விழுகிற வாசல் பக்கத்தில் சிங்க் (நாகம்) போட்ட நெல்லும் கடைவரம்பு நெல்லும் ஒன்றாகப் பழுத்தன. பார்க்கிறவருக்கு இது ஒரு செய்தியாகவே தெரியாது. எங்களுக்கு இது பெரிய விசயம். முந்திய போகங்களில் கடைவரம்பு வெட்டுக்குத் தயாராகி நிற்க, வாசல் பக்கம் கதிர் பச்சையாக நிற்கும். இரண்டுக்கும் தனித்தனியாக வெட்டு மெஷின் கூப்பிடக் கட்டாது. ஒன்றாக வெட்டினால் பச்சை நெல் கலந்துவிடும். ஆலையில் குருணை கூடும். வாங்குகிறவர் கையில் அள்ளிப் பார்த்தவுடனேயே விலையைக் குறைப்பார்.

குளத்துத் தண்ணீர் போதாமல் கிணற்றை நம்பிச் சிறுபோகம் செய்கிறவர்கள் மன்னார்ப் பக்கத்திலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காணியும் தண்ணீரும்

வயல் கட்டுக்கரைக் குளத்தின் கீழ், முருங்கன் பக்கம். மொத்தம் இரண்டு ஏக்கர். அருவி ஆற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணையில் மறித்துக் குளத்துக்குத் திருப்புகிறார்கள். காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து தண்ணீருக்குக் குறை வைப்பதில்லை. சிறுபோகத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிற பங்குதான். எங்களுக்கு ஒரு ஏக்கருக்கு வாய்க்கால் தண்ணீர் வரும். மற்ற ஏக்கரைக் கிணற்றிலிருந்து இறைத்துச் செய்கிறோம்.

மண் கருங்களி. ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலேறிப் போன அதே முருங்கன் களிதான். ஈரத்தில் காலை விடாது; சோளகம் வீசத் தொடங்கினால் பாளம் பாளமாக வெடிக்கும். இதைத் தோண்டினால் பட்டாணிக் கடலை அளவில் வெள்ளைக் கட்டிகள் வரும். ஒன்றை உள்ளங்கையில் வைத்து வினாகிரி இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு சத்தம் போடும். சுண்ணக் கட்டிகள் அவை. அந்த நுரைதான் இந்தக் கதையின் பாதி.

என்ன தெரிந்தது

விதைத்து மூன்றாவது கிழமை அளவில் தொடங்கும். இளம் இலையின் அடிப்பக்கம் நடுநரம்பு வெளிறும். பிறகு கீழ் இலைகளில் துரு தூவினமாதிரிக் கபிலப் புள்ளிகள் வந்து, கோடுகளாகச் சேர்ந்து, இலை முழுக்கக் கருகினமாதிரி ஆகும். பயிர் குட்டையாகவே நிற்கும், மட்டம் (பக்கத் தூர்) வெடிக்காது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குறைவு. ஐந்தாறு கிழமைக்குப் பிறகு தானாகவே பச்சை திரும்பும். ஆனால் பிந்தின பயிர் பிந்தினதுதான்.

முதலில் இதை எரிபந்தம் என்று நினைத்துப் பூஞ்சண மருந்து அடித்தோம். மாற்றமில்லை. யூரியா கூட்டினோம். நல்ல பயிர் இன்னும் கறுத்து வளர்ந்தது, நோயாளிப் பயிர் அப்படியே நின்றது.

அயல் வயல் மாமா வரம்பில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நோயெண்டால் காத்தடிக்கிற பக்கம் போகவேணும். இது ஏன் உன்ர தண்ணி வாசலில மட்டும் நிக்குது?"

அன்றைக்கு வரம்பைச் சுற்றி நடந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. குழாய் விழுகிற இடத்திலிருந்து விசிறிபோல விரிந்து, கால் ஏக்கர் அளவில் சுகமில்லாத பயிர். தள்ளிப் போகப் போகத் தெளிவு. கடைவரம்பில் குறையே இல்லை. வாய்க்கால் தண்ணீர் பாயும் ஏக்கரில் ஒரு புள்ளிகூட இல்லை. இன்னொன்றையும் கண்டேன்: கோடையில் மாட்டுப்பட்டி அடைத்த ஒரு துண்டு, வாசலுக்கு அருகிலேயே இருந்தும், நல்ல பச்சையாக நின்றது.

உப்பு என்றால் தண்ணீர் தேங்கி வற்றுகிற கடைவரம்புதான் முதலில் அடிபடும். வாசலில் தொடங்குகிற நோய் வேறு. அமெரிக்காவில் ஆர்கன்சாவின் நெல்வயல்களிலும் இதே கோலம்தான்: கிணற்று நீரில் கரைந்து வருகிற கல்சியம் இருகாபனேற்று முதலில் விழுகிற இடத்தில் படிந்து, அந்த மண்ணின் பிஎச் (கார அளவு) ஏறி, அங்கே நாகப் பற்றாக்குறை வரும். இந்தியாவில் நெல்லுக்கு வந்த 'கைரா' என்ற நோய் கிருமியால் வருவதல்ல, நாகக் குறைவுதான் என்று பந்த்நகரில் நேனே என்ற ஆய்வாளர் 1966 இல் காட்டினார். அதன் அறிகுறிகளும் எங்கள் வாசல் பயிரும் ஒன்றுதான்.

தண்ணீரை அளந்தது

பேனா மாதிரியான ஈசி மானி (தண்ணீரின் உப்பு அளவி) ஒன்று வாங்கினேன், 3,500 ரூபா. வாய்க்கால் தண்ணீர் 0.4, கிணறு 1.6 டெசிசீமன்ஸ். நெல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீர் 2.0 வரை விளைச்சலைக் குறைக்காது என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கு. ஆக, மானியின்படி கிணறு நல்ல கிணறு. நாக்கிலும் உப்புத் தெரியாது. இந்த மானியை மட்டும் நம்பியிருந்தால் இன்றைக்கும் பூஞ்சண மருந்துதான் அடித்துக்கொண்டிருப்போம்.

ஈசி மானி மொத்த உப்பைச் சொல்லும்; எந்த உப்பு என்று சொல்லாது. இருகாபனேற்றை அளக்க அலங்கார மீன் விற்கிற கடையில் வழி இருக்கிறது. மீன்தொட்டித் தண்ணீருக்கு விற்கிற சொட்டுச் சோதனைப் பெட்டி, காபனேற்றுக் கடினத்துக்கு ஒரு போத்தல், பொதுக் கடினத்துக்கு ஒரு போத்தல், இரண்டும் சேர்த்து 3,800 ரூபா. ஐந்து மில்லிலீற்றர் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் போத்தலில் நீலம் மஞ்சளாகும். இரண்டாவதில் செம்மஞ்சள் பச்சையாகும். நிறம் மாறும்வரை எத்தனை சொட்டு என்பதே விடை. ஒரு சொட்டு ஒரு ஜேர்மன் பாகை, அதை 0.357 ஆல் பெருக்கினால் லீற்றருக்கு எத்தனை மில்லிசமவலு என்று வரும்.

கிணறு: காபனேற்று 23 சொட்டு, அதாவது 8.2. பொதுக் கடினம் 14 சொட்டு, 5.0. வாய்க்கால்: 5 சொட்டும் 6 சொட்டும், அதாவது 1.8 உம் 2.1 உம்.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கல்சியமும் மக்னீசியமும் பிடித்துக்கொள்ள முடியாத மீதிக் காபனேற்று வரும். இது 1.25க்குக் கீழ் என்றால் பயமில்லை, 2.5க்கு மேல் என்றால் பாசனத்துக்கு உதவாது என்பது நெடுநாளாகப் புழங்குகிற அளவு. எங்கள் கிணறு 3.2. குளத்துத் தண்ணீரில் மீதியே இல்லை.

மண்ணையும் பார்த்தேன். ஒரு பங்கு உலர்ந்த மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர், அரை மணித்தியாலம் கலக்கி வைத்து பிஎச் பேனாவைத் தோய்த்தால் வாசலில் 8.2, கடைவரம்பில் 7.6. பிஎச் ஏற ஏற மண்ணில் நாகம் கரையாது. தண்ணீர் கட்டி நிற்கும்போது இன்னும் குறையும். அதோடு இருகாபனேற்று வேரையும் அமுக்கும். நாங்கள் அள்ளிப் போட்டு வந்த ரிஎஸ்பி என்ற பொஸ்பேற்றுப் பசளையும் இருக்கிற கொஞ்ச நாகத்தைப் பயிருக்கு எட்டாமல் செய்திருக்கும்.

உப்பையும் நாகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருக்கப் பார்லியை நினைத்துக்கொள்ளலாம். பார்லி உப்புக்கு நல்லாய்த் தாங்கும். வேர்மண்ணில் 8 டெசிசீமன்ஸ் வரை அதன் விளைச்சல் குறையாது, நெல்லுக்கு 3 இலேயே குறையத் தொடங்கும். அப்படிப்பட்ட தானியங்கள் விளைகிற துருக்கியின் நடு அனடோலியாவில் சுண்ண மண்ணில் நாகம் இல்லாமல் கோதுமை விளைச்சல் விழுந்து, சிங்க் போட்ட பிறகுதான் எழும்பியது. உப்பைத் தாங்குகிற பயிருக்கும் நாகம் பூட்டிக்கிடந்தால் வழியில்லை.

சிங்க் வாங்கியது

கடையில் சிங்க் சல்பேற்று என்று கேட்டால் இரண்டு சாமான் தருவார்கள். ஒன்று பளிங்குக் கல்போல, கையில் ஈரமாக ஒட்டும். நாகம் 21 சதவீதம். மற்றது மாவு, 33 சதவீதம். பக்கற்றில் இந்த எண்ணைப் பார்க்காமல் விலையை ஒப்பிடக் கூடாது. நான் வாங்கிய நேரம் 21 சதவீதம் கிலோ 700, 33 சதவீதம் 900. நாகக் கணக்கில் பார்த்தால் மாவுதான் மலிவு. ஆனால் பக்கற்றில் அச்சடித்த கலப்பளவு தெளிவாக இருந்தது பளிங்கில்தான், அதனால் அதை எடுத்தேன்.

பார்வைக்கு இதுவும் மக்னீசியம் சல்பேற்றும் ஒன்றுதான். கலப்படம் செய்கிறவர்களுக்கு அது வசதி. ஒரு சோதனை இருக்கிறது. சிங்கைத் தண்ணீரில் கரைத்து, கோஸ்ரிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் இரண்டிலும் வெள்ளையாகத் திரளும். மேலும் மேலும் விட, நாகம் என்றால் அந்த வெள்ளை திரும்பக் கரைந்து தெளியும், மக்னீசியம் கரையாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். எங்கள் பக்கற் தெளிந்தது.

வழி பிழைத்த இடங்கள்

முதலில் அடிக்கட்டுப் பசளையோடு ஒரே வாளியில் ரிஎஸ்பியையும் சிங்கையும் கலந்து எறிந்தோம். சிங்கின் ஈரத்தில் வாளிக்குள்ளேயே கட்டிபட்டது. பொஸ்பேற்றும் நாகமும் சேர்ந்து கரையாத உப்பாகும் என்பதால், கட்டிபடாமல் இருந்திருந்தாலும் பலன் குறைவுதான். அந்தப் போகம் வாசல் பயிரில் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்து இலைக்கு அடித்துப் பார்த்தோம். பதினாறு லீற்றர் டாங்கிக்கு 80 கிராம், அதாவது 0.5 சதவீதம். கிணற்றடியில் நின்றபடி கிணற்றுத் தண்ணீரையே நிரப்பினோம். இரண்டு வரிசை போவதற்குள் நொசில் அடைபட்டது. கழற்றிப் பார்த்தால் சல்லடையில் வெள்ளைப் பசை.

வீட்டில் இரண்டு வெறும் தண்ணீர்ப் போத்தல்களில் ஒரு லீற்றர் குளத்துத் தண்ணீரும் ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து கிராம் சிங்க் போட்டுக் குலுக்கினேன். குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. கிணற்றுத் தண்ணீர் கண்முன்னே பால்நிறமானது. விடியப் பார்க்க அடியில் மெல்லிய மாப்படலம் படிந்து கிடந்தது. வயலில் மாதக்கணக்காக நடப்பதைப் போத்தலுக்குள் கண்டேன். கிணற்றுத் தண்ணீரில் மருந்தோ நுண்ணூட்டமோ கரைக்கிற எல்லாரும் ஒருமுறை இந்தப் போத்தல் சோதனையைச் செய்து பாருங்கள், செலவே இல்லை.

சரிவந்த முறை

வாசல் பக்கக் கால் ஏக்கரைச் சிறு வரம்பு போட்டு மூன்று கீலமாகப் பிரித்தேன், ஒவ்வொரு கீலமும் வாசலிலிருந்து தொடங்குகிறமாதிரி. முதல் கீலத்துக்குச் சிங்க் இல்லை. இரண்டாவதுக்கு மண்ணில் மட்டும். மூன்றாவதுக்கு மண்ணிலும் இலையிலும். வாய்க்கால் பாயும் ஏக்கரிலும் ஒரு மூலைக்கு மண்ணில் சிங்க் போட்டேன். நெல் பிஜி 300, மூன்று மாதம்.

மண்ணுக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ என்ற அளவு. ரிஎஸ்பியை உழவோடு முதலே தாட்டுவிட்டு, சில நாள் கழித்துப் பலகை அடித்த பிறகு, விதைப்புக்கு முதல்நாள், இரண்டு மடங்கு உலர்ந்த மணலோடு சிங்கைக் கலந்து சேற்றின் மேல் எறிந்தேன். கீழே தாழ்க்கவில்லை. காரமான மண்ணில் மேலாக விழுந்த சிங்கே நாற்றின் வேருக்கு எட்டும்.

மூன்றாவது கிழமை கபிலப் புள்ளி முதல் கீலத்தில் தொடங்கியதும் கிணற்றை நிறுத்தித் தண்ணீரை வடித்தேன். மண்ணுக்குக் காற்றுப் பட்டால் நாகம் கொஞ்சம் இளகும். கருங்களியில் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது: மயிர்க்கோடு அளவில் வெடிப்பு வந்தவுடன் திரும்பப் பாய்ச்ச வேண்டும். விரல் போகிற அளவு வெடித்தால் அடுத்த இறைப்பு முழுக்க வெடிப்புக்குள் போய்விடும், டீசலும் சேர்ந்து.

அந்த வடித்த நாட்களில் மூன்றாவது கீலத்துக்கு இலைத் தெளிப்பு. வாய்க்கால் தண்ணீர், டாங்கிக்கு 80 கிராம் சிங்க், அதோடு 160 கிராம் யூரியா. பின்னேரம், காற்றுத் தணிந்த பிறகு அடித்தேன். இரண்டு கிழமையால் இன்னொரு தரம். பத்து நாளுக்குள் புது இலையின் அடி வெளிறல் நின்றது. முதல் கீலத்துப் பயிர் என் முழங்காலுக்குக் கீழே நிற்க, மூன்றாவது கீலம் மட்டம் வெடித்து மண்ணை மூடியது. அந்தச் சிறு வரம்பில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தபோது, இத்தனை போகமாக இதை விட்டுவைத்தோமே என்று மனம் பாரமாகத்தான் இருந்தது.

தானியத்தில் என்ன தெரிந்தது

பிவிசி குழாயில் ஒரு மீற்றர் சதுரம் செய்து, ஒவ்வொரு கீலத்திலும் சில இடங்களில் போட்டு, அதற்குள் நின்றதைக் கையால் அறுத்து, அடித்து, காயவைத்து நிறுத்தேன். சராசரி: சிங்க் இல்லாத கீலம் 310 கிராம், மண்ணில் மட்டும் போட்டது 430, இரண்டும் செய்தது 455. குளத்துத் தண்ணீர் ஏக்கர் 470, அதில் சிங்க் போட்ட மூலை 480. கடைசி இரண்டுக்கும் இடையிலுள்ள பத்துக் கிராமை நான் கணக்கெடுக்கவில்லை. ஒரே பாத்திக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் வரும். நல்ல தண்ணீர் பாய்கிற காணிக்குச் சிங்க் செலவு தேவையில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆயிரம் மணியின் நிறை 24.6 கிராமிலிருந்து 25.2 கிராம் வரைதான் மாறியது. நெல்லின் உமி, மணி வளர ஓர் அளவுக்கு மேல் இடம் கொடாது. வித்தியாசம் கதிர் எண்ணிக்கையிலும் பதரிலும் இருந்தது. வாளித் தண்ணீரில் கொட்டி மிதந்ததை அள்ளி எண்ணியபோது முதல் கீலத்தில் நூறில் 19 பதர், மூன்றாவதில் 10. முதல் கீலத்து நெல்லைக் கையால் உரித்தால் பச்சை மணியும் சுண்ணாம்பு வெள்ளை வயிறும் நிறைய. ஆலையில் உடைவது அவைதான்.

காசுக் கணக்கு: 310க்கும் 455க்கும் இடையில் சதுர மீற்றருக்கு 145 கிராம். கால் ஏக்கருக்கு ஏறத்தாழ 145 கிலோ, ஏழு புசல். கிலோ 100 ரூபாப்படி 14,500. கால் ஏக்கர் முழுவதற்கும் மண்ணுக்கு இடுவதென்றால் இரண்டரைக் கிலோ சிங்க் 1,750 ரூபா, தெளிப்புக்கு இன்னும் அரைக் கிலோ. மானியும் சொட்டுப் பெட்டியும் 7,300. அவற்றை அயலில் நாலு பேர் வாங்கிப் பாவிக்கிறார்கள்.

மண்ணில் போடுகிற சிங்க் விளைச்சலைத்தான் முக்கியமாகக் கூட்டும். மணிக்குள் நாகம் ஏற வேண்டுமென்றால் பூத்த பிறகு இலைக்கு அடிக்க வேண்டும். வீட்டில் புழுக்கித் தவிடு போகாமல் குற்றுகிற அரிசிக்கு அது பெறுமதியான வேலை. சோற்றையே நம்பி வளர்கிற பிள்ளைகளுக்கு நாகம் சோற்றிலிருந்து வந்தால் எவ்வளவோ நல்லது. சாப்பாட்டுக்கு ஒதுக்குகிற துண்டுக்கு மட்டும் அடுத்த போகம் பூத்த பிறகும் அடிப்பேன்.

அடுத்த போகம் மாற்றுவது

கிணற்றுக் குழாயை வயலுக்குள் நேரே விடமாட்டேன். வரம்போரம் நீளமாக ஒரு வாய்க்காலும் இடையில் ஆழமில்லாத ஒரு குழியும் வெட்டி, தண்ணீர் காற்றிலும் வெயிலிலும் பட்டுச் சுண்ணத்தை அங்கேயே இறக்கிவிட்டு வரட்டும். வாசலும் ஒன்றல்ல, மூன்றாக இருக்கும். சுமையை ஒரே இடம் தாங்கத் தேவையில்லை.

வாய்க்கால் முறை வருகிற நாட்களில் இரண்டு தண்ணீரையும் கலப்பேன். இரண்டு பங்கு குளம், ஒரு பங்கு கிணறு என்றால் மீதிக் காபனேற்று 0.9க்கு இறங்குகிறது, பாதிக்குப் பாதி என்றால் 1.4, அது எல்லையைக் கடந்துவிடும். முறை வராத கிழமைகளுக்குக் கல்சியம் தருகிற ஜிப்சம் போடலாம், ஆனால் இங்கே விலை கட்டவில்லை.

மாட்டுப்பட்டியை இந்தக் கோடையில் வாசல் கால் ஏக்கரில்தான் அடைக்கப்போகிறோம். பட்டிக்காரரோடு பேசியாயிற்று. சிங்க் ஒவ்வொரு போகமும் போடத் தேவையில்லை. ஆனாலும் முதல் கீலத்துக்கு வருகிற சிறுபோகம் கட்டாயம் போடுவேன், இனி அதை வெறுமனே விட்டுப் பார்க்க மனமில்லை. ரிஎஸ்பியை மண் பரிசோதித்துத்தான் போடுவது. கிணற்றுத் தண்ணீரைக் கோடை முற்றினதும் திரும்பச் சொட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் இறங்கும்போது 23 சொட்டு என்பது கூடியிருக்கும்.